டிடெக்டிவ்: துப்புத் துலக்குபவருக்குத் தமிழில் என்ன பெயர்?

கொலை வழக்குகளைப் பார்க்கும் ஒரு பெண் டிடெக்டிவைத் தமிழில் எப்படிச் சொல்வது, அவர் கையிலெடுக்கும் 'கோல்டு கேஸை' எப்படிச் சொல்வது என்பதுதான் கேள்வி. முதலில் வினையைப் பார்ப்போம். பாத்திரம் துலக்குகிறோம், பல் துலக்குகிறோம். கொலை வழக்கிலும் அதே வினைதான் வருகிறது: துப்புத் துலக்குகிறார்கள். அழுக்குப் போகத் தேய்ப்பது துலக்குதல். தேய்த்தபின் பளிச்சென்று தெரிவது துலங்குதல்.

'டிடெக்டிவ்' வந்த வழி வேறு. லத்தீனில் 'டெகெரே' என்றால் மூடுதல், கூரை போடுதல். முன்னால் 'டெ' சேர்ந்தால் மூடியதைத் திறத்தல். கூரை ஓட்டைக் குறிக்கும் 'டைல்' கூட இந்த வேரில் கிளைத்ததுதான். அவர்கள் கூரையைப் பிரித்துப் பார்க்கிறார்கள், நாம் தேய்த்துப் பார்க்கிறோம்.

லண்டன் காவல்துறைத் தலைமையகமான ஸ்காட்லாந்து யார்டில் 1842இல் துப்பறியும் பிரிவு தொடங்கியபோது இருந்தது எட்டே பேர், எட்டுப் பேரும் ஆண்கள். 1856இல் சிகாகோவில் ஆலன் பிங்கர்டனின் துப்பறியும் நிறுவனத்துக்கு கேட் வார்ன் என்ற இளம் விதவை வேலை கேட்டு வந்தார். எழுத்தர் வேலைக்குத்தான் வந்திருக்கிறார் என்று பிங்கர்டன் நினைத்துக்கொண்டார். ஆண்களால் நுழைய முடியாத இடங்களில் பெண்ணால் நுழைய முடியும், குற்றவாளிகளின் மனைவியரிடம் பழகி விஷயத்தைக் கறக்க முடியும் என்று வாதாடி, துப்பறியும் வேலையையே வாங்கிவிட்டார் வார்ன். 1861இல் லிங்கனைக் கொல்லச் சதி நடப்பதாகத் தகவல் வந்தது. அவரைத் தன் நோயாளி அண்ணன் என்று சொல்லி இரவு ரயிலில் அழைத்துப் போனவரும் இவரே. காவல்துறைகள் இந்த அளவுக்கு வர நாளாயிற்று. நியூயார்க் காவல்துறையில் இசபெல்லா குட்வின் டிடெக்டிவ் ஆனது 1912இல்தான்.

சரி, இவர்களைத் தமிழில் எப்படி அழைப்பது?

'துப்பு' பல முகம் கொண்ட சொல். வலிமை, பவளம், உணவு எல்லாமே துப்புதான். 'துப்பார்க்குத் துப்பாய' என்ற குறளில் உணவு. (அங்கே வரும் 'துப்பாக்கி' சுடுவதில்லை. சுடுகிற துப்பாக்கி துருக்கியிலிருந்து வந்த சொல்.) 'துப்புக் கெட்டவன்' என்று திட்டும்போது திறமை. குற்றத்தின் தடயம் என்ற பொருளில் அதை அறிபவர் துப்பறிவாளர்.

'ஒற்றர்' இதைவிடப் பழைய சொல். 'மறைந்தவை கேட்கவற் றாகி அறிந்தவை ஐயப்பாடு இல்லதே ஒற்று' என்ற குறளை எந்தக் கொலை வழக்கு விசாரணைக்கும் இலக்கணமாக வைக்கலாம். ஆனாலும் ஒற்றர் அரசனுக்காக வேவு பார்ப்பவர். பிணம் விழுந்தபின் வந்து கேள்வி கேட்பவர் அல்லர். எனவே டிடெக்டிவுக்கு அது பொருந்தாது.

'துப்பறிவாளர்' என்றதும் நம் மனத்தில் தொப்பியும் பூதக்கண்ணாடியுமாகத் தனியார் ஆள்தான் வருகிறார். காவல்துறையில் கொலை வழக்குகளைப் பார்க்கும் பெண்ணைப் 'புலனாய்வு அதிகாரி' என்பதே சரி. நம் ஊர்க் காவல் நிலையத்தில் 'விசாரணை அதிகாரி' என்பார்கள், அதுவும் பழுதில்லை. 'துப்பறிவாளினி' மட்டும் வேண்டாம். '-ஆளர்' ஈறு இருபாலுக்கும் பொது.

அப்புறம் 'கோல்டு கேஸ்'. இதைக் 'குளிர் வழக்கு' என்று எழுதினால் ஊட்டியில் நடந்த கொலையோ என்று தோன்றும். பல வருஷம் துப்புக் கிடைக்காமல் நின்றுபோன வழக்கு அது. 'கிடப்பில் போட்ட வழக்கு' என்றால் யாரோ அலட்சியம் செய்த வாடை வருகிறது. 'ஆறிய கஞ்சி பழங்கஞ்சி' என்பதால் 'ஆறிய வழக்கு' எனலாம், காதுக்கும் இதமாக இருக்கிறது. ஆனால் செய்தித்தாள்கள் நெடுநாளாகவே எழுதிவரும் 'துப்புத் துலங்காத வழக்கு' இருக்கும்போது புதிது எதற்கு?

கலிபோர்னியாவை நடுங்க வைத்த 'கோல்டன் ஸ்டேட் கில்லர்' வழக்கு அப்படித் துலங்காமல் கிடந்தது. 1970களிலும் 80களிலும் நடந்த கொலைகள் அவை. குற்ற இடத்தில் கிடைத்த டி.என்.ஏ. இருந்தது, அது யாருடையது என்றுதான் தெரியவில்லை. ஓய்வுபெற்ற காப்புரிமை வழக்கறிஞர் பார்பரா ரே-வென்டர் அந்த டி.என்.ஏ.வுக்கு ஒத்துப்போகும் தூரத்து உறவினர்களை வம்சாவளித் தளங்களில் தேடி, கொடிவழியை வரைந்துகொண்டே வர உதவினார். 2018 ஏப்ரலில் பிடிபட்டவர் ஒரு முன்னாள் போலீஸ்காரர். 2020இல் 13 கொலைகளை ஒப்புக்கொண்டார்.

ரே-வென்டர் காவல்துறையில் இருந்தவர் இல்லை, எனவே புலனாய்வு அதிகாரி ஆகமாட்டார். துப்பறிவாளர் என்றால் தாராளமாகப் பொருந்தும்.