ராத்திரி ஒன்றரை மணித் தலைவலி

இரவு ஒன்றரை மணி இருக்கும். பக்கத்தில் படுத்திருந்தவர் எழுந்து உட்காருவார். பேச மாட்டார். வலது கண்ணைக் கையால் பொத்திக்கொண்டு கூடத்துக்குப் போய், பீரோவின் இரும்புக் கதவில் நெற்றியை வைத்து அழுத்துவார். பிறகு வாசலுக்கும் அடுப்படிக்கும் நடப்பார். திரும்பவும் பீரோ. விளக்கைப் போட்டுப் பார்த்தால் வலது கண் மட்டும் சிவந்து தண்ணீராய்க் கொட்டும். வலது மூக்கு ஒழுகும், வலது இமை பாதி இறங்கியிருக்கும். இடது பக்கம் தூங்கி எழுந்த சாதாரண முகம். முக்கால் மணி நேரம் கழித்து, யாரோ சுவிட்சை அணைத்த மாதிரி நின்றுவிடும். "கொஞ்சம் தண்ணி குடு" என்பார். மறுநாள் இரவு அதே ஒன்றரை.

என் கணவருக்கு இது வந்த முதல் வருடம் நாங்கள் செய்யாத வைத்தியம் இல்லை. கடைவாய்ப் பல் ஒன்று போனது. சைனஸ் என்று சொல்லி ஆன்டிபயாடிக் இரண்டு சுற்று ஓடியது. கண்ணாடி மாற்றினோம். மாமியார் உப்பும் மிளகாயும் சுற்றி அடுப்பில் போட்டார்கள். ஆறாவது வாரம் வலி தானாகவே நின்றது. சுற்றிப் போட்டது அதற்கு முந்தின நாள் என்பதால் பெயர் முழுக்க மாமியாருக்குப் போனது. ஒரு வாரம் முன்னதாக நின்றிருந்தால் பல் டாக்டருக்குப் போயிருக்கும். வந்து, சில வாரம் ஆட்டிவைத்து, தானே போய்விடும் நோய்களில் கடைசியாகச் செய்த வைத்தியம்தான் எப்போதும் ஜெயிக்கும். சரியான பெயர் தெரிய எங்களுக்கு இன்னும் இரண்டு வருடம் ஆனது.

கொத்துத் தலைவலி என்பது அந்தப் பெயர். கிளஸ்டர் தலைவலி என்றும் சொல்கிறார்கள். சில வாரங்களோ மாதங்களோ கொத்தாக வந்துவிட்டு, பிறகு மாதக்கணக்கில் காணாமல் போய்விடுவதால் அப்படி. ஆயிரத்தில் ஒருவருக்கு வருகிறது. பெண்களைவிட ஆண்களுக்கு அதிகம், பெரும்பாலும் 20 முதல் 40 வயதுக்குள் தொடங்கும். ஒவ்வொரு தாக்குதலும் 15 நிமிடம் முதல் 180 நிமிடம் வரை. இரண்டு நாளைக்கு ஒன்று என்பதிலிருந்து ஒரு நாளைக்கு எட்டு என்பது வரை வரலாம். வலியின் அளவுக்கு ஒரு கணக்கு உண்டு: பல நாடுகளில் 1,604 நோயாளிகளிடம் கேட்டு 2021-ல் வெளியான ஆய்வில், பத்துக்கு எத்தனை என்ற கேள்விக்கு இந்தத் தலைவலிக்குக் கிடைத்த சராசரி 9.7. பிள்ளை பெற்ற வலிக்கு அதே ஆய்வில் பெண்கள் தந்தது 7.2. நானும் இரண்டு பெற்றவள்தான். பீரோவில் நெற்றியை முட்டிக்கொண்டு நின்றவரைப் பார்த்தபின் அந்த எண்ணோடு நான் வாதாடவில்லை.

மைக்ரேனோடு இதைப் பலரும் குழப்புகிறார்கள். வீட்டில் இருப்பவரே வித்தியாசத்தைக் கண்டுபிடித்துவிடலாம். மைக்ரேன் வந்தவர் விளக்கை அணைத்துவிட்டு அசையாமல் படுப்பார். கொத்துத் தலைவலிக்காரரால் படுக்கவே முடியாது. நடப்பார், முன்னும் பின்னும் ஆடுவார், தலையைச் சுவரில் இடிப்பார். டாக்டர் முன்னால் உட்காரும்போது எல்லாம் அடங்கியிருக்கும் என்பதால், அந்த நேரத்தில் எடுத்த ஒரு நிமிட செல்போன் வீடியோ பத்து நிமிட விளக்கத்தைவிடப் பெரிய சாட்சி.

கண்ணுக்குப் பின்னால் வலித்தால் மூக்கு ஏன் ஒழுக வேண்டும்? முகத்தின் தொடு உணர்வையும் வலியையும் மூளைக்குக் கொண்டுபோவது ட்ரைஜெமினல் என்ற நரம்பு. அதன் மேல் கிளை நெற்றிக்கும் கண்ணுக்கும் உரியது. தாக்குதலின்போது இந்தக் கிளை கொதிக்கிறது. சிஜிஆர்பி என்ற சிறிய புரதம் அங்கே கொட்டுகிறது, ரத்தக்குழாய் விரிகிறது. வலிச் செய்தி மூளைத்தண்டுக்குப் போய்ச் சேரும் இடத்துக்குப் பக்கத்திலேயே கண்ணீர்ச் சுரப்பியையும் மூக்கின் சவ்வையும் இயக்கும் நரம்பணுக்கள் உள்ளன. இங்கே அலறினால் அங்கே தானாக மணி அடிக்கும். வெங்காயம் நறுக்கினால் கண் கலங்குவதும் இந்தப் பாதையில்தான். வலி ஒரே பக்கம் என்பதால் கண்ணீரும் ஒரே பக்கம். இமை இறங்குவதும் கண்மணி சுருங்குவதும் இன்னொரு நரம்புத் தொகுதியின் வேலை: மூளைக்குப் போகும் பெரிய ரத்தக்குழாயைச் சுற்றி ஏறும் சிம்பதெடிக் இழைகள் அந்த நேரத்தில் செயலிழக்கின்றன. ஆக சைனஸிலும் பல்லிலும் குற்றமே இல்லை.

அதெல்லாம் சரி, ஒன்றரை மணி? இந்த நோயின் நிஜமான புதிர் கடிகாரம்தான். 1745-ல் வியன்னாவின் அரண்மனை மருத்துவராகப் போன ஹெரார்ட் வான் ஸ்வீட்டன், நடுத்தர வயதுள்ள ஒரு திடகாத்திரமான ஆளைப் பற்றி எழுதி வைத்திருக்கிறார். தினமும் ஒரே நேரத்தில் இடது கண்ணுக்கு மேல் ஒரே இடத்தில் வலி, கண் சிவந்து நீர் வழிகிறது, கண்விழியை யாரோ மெல்ல மெல்ல வெளியே தள்ளுகிற மாதிரி இருக்கிறதாம். பெயரை எடுத்துவிட்டால் எங்கள் வீட்டுக் கதை.

விடையின் முதல் துண்டு 1998-ல் கிடைத்தது. லண்டனில் ஆர்னே மே, பீட்டர் கோட்ஸ்பி முதலானோர் ஒன்பது நோயாளிகளுக்கு, ரத்தக்குழாயை விரிக்கும் நைட்ரோகிளிசரின் மருந்தைக் கொடுத்துத் தாக்குதலை வரவழைத்து, மூளையில் எந்தப் பகுதி அப்போது வேலை செய்கிறது என்று காட்டும் பெட் ஸ்கேனில் பார்த்தார்கள். ஹைப்போதலாமஸின் பின்பகுதி, வலிக்கும் அதே பக்கத்தில், ஒளிர்ந்தது. அளவில் பாதாம்பருப்புதான் இருக்கும் ஹைப்போதலாமஸ். தூக்கம், பசி, உடல் சூடு, ஹார்மோன் எல்லாவற்றுக்கும் நேரம் குறித்துக் கொடுக்கும் இடம். உடம்பின் இருபத்துநான்கு மணிக் கடிகாரம் அதற்குள்தான் இருக்கிறது. நைட்ரோகிளிசரினில் இன்னொரு விஷயமும் உண்டு. கொத்து ஓடாத மாதங்களில் அதே நோயாளிக்கு அதைக் கொடுத்தாலும் தாக்குதல் வராது. மதுவும் அப்படியே: கொத்து ஓடும் காலத்தில் ஒரு பெக் குடித்தால் பெரும்பாலும் ஒரு மணி நேரத்துக்குள் வலி வந்து நிற்கும், மற்ற நாட்களில் ஒன்றும் ஆகாது. குடிதான் காரணம் என்று ஊர் சொன்னால் நம்ப வேண்டாம். கதவு ஏற்கெனவே திறந்திருக்கிறது, அது உள்ளே தள்ளுகிறது, அவ்வளவுதான்.

வைத்தியத்துக்கு வருவோம். இங்கும் எல்லாம் நேரக் கணக்கு. வலி பத்து நிமிடத்துக்குள் உச்சத்துக்கு ஏறிவிடும். விழுங்கிய மாத்திரை வயிற்றில் கரைந்து ரத்தத்தில் கலக்க அரை மணி, முக்கால் மணி. அதற்குள் பல நேரம் தாக்குதலே முடிந்திருக்கும். ஒவ்வொரு இரவும் அவருக்குப் பாராசிட்டமால் கொடுத்து, ஒரு மணி நேரத்தில் சரியாகிவிட்டது என்று நான் திருப்திப்பட்டுக்கொண்டிருந்தேன். உப்பு மிளகாய்க்கும் அந்த மாத்திரைக்கும் வித்தியாசமே இல்லை.

தாக்குதலை முந்தக்கூடியவை இரண்டு. ஒன்று தோலுக்கடியில் போடும் 6 மில்லிகிராம் சுமாட்ரிப்டான் ஊசி. 1991-ல் வந்த ஆய்வில், போட்ட 15 நிமிடத்தில் 74 சதவீதத் தாக்குதல்களில் வலி தணிந்தது. மருந்தில்லாத வெறும் ஊசிக்கு 26. ரத்தக்குழாயைச் சுருக்கும் மருந்து என்பதால் இதய நோய் உள்ளவருக்குக் கூடவே கூடாது, ஒரு நாளில் இரண்டுக்கு மேல் போடவும் முடியாது.

இரண்டாவது ஆக்சிஜன். வெறும் ஆக்சிஜன்தான், ஆனால் முறையாக. 2009-ல் கோட்ஸ்பியின் குழு நிமிடத்துக்கு 12 லிட்டர் வீதம் 15 நிமிடம் கொடுத்துப் பார்த்தது. 78 சதவீதத் தாக்குதல்கள் அடங்கின. சாதாரணக் காற்று கொடுத்தவர்களுக்கு 20. அந்தக் கண்ணீர்ச் சுரப்பிப் பாதையை ஆக்சிஜன் அடக்குகிறது என்பதற்கு எலிகளில் ஆதாரம் உண்டு.

'முறையாக' என்ற சொல்லில்தான் நாங்கள் வழுக்கினோம். ஓர் ஆஸ்பத்திரி அவசரப் பிரிவில் மூக்கில் குழாய் செருகி இரண்டு லிட்டர் வைத்தார்கள். ஒரு பலனும் இல்லை, "ஆக்சிஜன் இவருக்கு வேலை செய்யாது" என்று சீட்டிலும் எழுதிவிட்டார்கள். அடுத்து, கொரோனா சமயத்தில் சொந்தக்காரர் வாங்கி வைத்திருந்த கான்சன்ட்ரேட்டரைக் கொண்டுவந்தோம். அது தருவது நிமிடத்துக்கு ஐந்து லிட்டர். இந்த வேலைக்கு அது காணாது. வேண்டியது சிலிண்டர், 15 லிட்டர் வரை காட்டும் ஃப்ளோமீட்டர், அடியில் பை தொங்கும் நான்-ரீபிரீதர் மாஸ்க். பை முழுக்க உப்பிய பிறகுதான் மாஸ்க்கை முகத்தில் வைக்க வேண்டும். ஓரத்தில் இடைவெளி இருந்தால் வெளிக்காற்று கலந்துவிடும் என்பதால் கையால் அழுத்திப் பிடித்துக்கொள்ள வேண்டும். நாற்காலியில் உட்கார்ந்து சற்றுக் குனிந்து மூச்சு விடுவது அவருக்குப் பழகிவிட்டது.

ஒரு தாக்குதலுக்கு 15 லிட்டர் வீதம் 15 நிமிடம் என்றால் 225 லிட்டர். இடுப்பு உயரம்கூட வராத பி டைப் சிலிண்டரில் 1,500 லிட்டர். ஆறு தாக்குதலுக்கு வரும். தினம் இரண்டு வந்தால் மூன்று நாளில் காலி. ஆள் உயர டி டைப்பில் 7,000 லிட்டர், முப்பது தாண்டும். வாடகைக்கே கிடைக்கிறது, டாக்டர் சீட்டு வேண்டும். சுவரோடு சங்கிலி போட்டுக் கட்டி வையுங்கள். சாமி விளக்கும் சிகரெட்டும் அந்த அறையில் கூடாது. எண்ணெய்க் கையோடு வால்வைத் தொடக் கூடாது. நுரையீரல் அடைப்பு நோய் உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் இதைத் தொடவே வேண்டாம்.

இவை வந்த வலிக்கு. வராமல் தடுக்க முதலில் தருவது வெராபமில், ரத்த அழுத்தத்துக்குத் தரும் பழைய மாத்திரை. ஆனால் இங்கே அளவு அதைவிட மேலே போகும், ஒரு நாளைக்கு 240 மில்லிகிராமில் தொடங்கி சிலருக்கு இரண்டு மூன்று மடங்கு வரை. இதயத்தின் மின்சாரம் மேலறையிலிருந்து கீழறைக்கு இறங்குவதை அது தாமதப்படுத்தும். அதனால் தொடங்கும் முன்பும் அளவு ஏற்றும் ஒவ்வொரு முறையும் இசிஜி எடுக்க வேண்டும். எடுக்கச் சொல்லாவிட்டால் நீங்களே கேளுங்கள். மருந்து பிடிக்க இரண்டு வாரம் ஆகலாம். அந்த இடைவெளியைக் கடக்க ஸ்டீராய்டு மாத்திரை சில நாள் தருவார்கள். ஜெர்மனியில் செய்து 2021-ல் வெளியிட்ட ஆய்வில் முதல் வாரத் தாக்குதல்கள், மருந்தில்லாத வெறும் மாத்திரை சாப்பிட்டவர்களுக்குச் சராசரி 9.5, ஸ்டீராய்டு சாப்பிட்டவர்களுக்கு 7.1. இவ்வளவுதானா என்று தோன்றும். விழித்திருந்து எண்ணுகிறவர்களுக்கு அந்த இரண்டு பெரிசு. பின்மண்டையில் நரம்பை ஒட்டிப் போடும் ஸ்டீராய்டு ஊசியும் உண்டு. கண் வலிக்குப் பிடரியில் ஊசியா என்று அவர் முதலில் சிரித்தார். கழுத்தின் மேல் நரம்பும் ட்ரைஜெமினலும் மூளைத்தண்டில் ஒரே இடத்தில்தான் வந்து சேர்கின்றன. ஒன்றை அமர்த்தினால் மற்றதும் தணிகிறது. லித்தியம் அடுத்த வரிசையில். சிஜிஆர்பியைப் பிடித்துக் கட்டும் கால்கனெசுமாப் ஊசிக்கு, கொத்துக் கொத்தாய் வரும் வகைக்கு மட்டும், 2019-ல் அமெரிக்கா அனுமதி தந்தது, ஐரோப்பா ஏற்கவில்லை.

எல்லாவற்றுக்கும் முன்னால் ஓர் எம்ஆர்ஐ. மூளையின் அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பியில் வரும் கட்டி சில நேரம் இதே வேஷம் போடும். இண்டோமெத்தசின் மாத்திரைக்கு மட்டும் அடங்கும் வேறொரு தலைவலியும் உண்டு; நரம்பியல் மருத்துவர் அதைப் பிரித்துச் சொல்வார்.

இதற்கு 'தற்கொலைத் தலைவலி' என்று இன்னொரு பெயர் உண்டு. எனக்குப் பிடிக்காத பெயர், ஆனாலும் காரணமில்லாமல் வரவில்லை. மூன்றாவது வாரத்தில் ஒரு நாள் பகலில், வலி இல்லாத நேரமாகப் பார்த்து, நேராகவே கேட்டேன். "ரெண்டு தடவை தோணுச்சு" என்றார். கேட்டதால் எண்ணம் வளர்ந்துவிடவில்லை. டாக்டரிடம் சொல்ல முடிந்தது. டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் 14416-ல் தமிழிலும் எந்நேரமும் பேசலாம்.

இப்போது குறிப்பு எழுதுவது என் வேலை. வலிக்கிறவரால் மணி பார்க்க முடியாது. தேதி, தொடங்கிய நேரம், என்ன கொடுத்தோம், எத்தனை நிமிடத்தில் நின்றது. மூன்று வருட நோட்டைப் புரட்டினால் கொத்து தொடங்கிய நாட்கள் மூன்றும் டிசம்பர் கடைசி வாரத்துக்கும் ஜனவரி பத்துக்கும் நடுவே விழுகின்றன. பலருக்கு இது பகல் ரொம்பக் குறுகும் அல்லது ரொம்ப நீளும் மாதங்களை ஒட்டி வருகிறது. அதுவும் அதே ஹைப்போதலாமஸ் கடிகாரம்தான். கார்த்திகை தீபம் முடிந்ததும் சிலிண்டர் கடைக்குப் போன் போட்டு டி டைப் ஒன்று சொல்லி வைக்கிறேன், இசிஜிக்கும் நாள் வாங்கிவிடுகிறேன். போன முறை முதல் தாக்குதல் ஒன்று முப்பத்தைந்துக்கு வந்தது. ஒன்று நாற்பத்தொன்பதுக்கு அவர் மாஸ்க்கைக் கழற்றிவிட்டு, பீரோ பக்கம் போகாமல், நேராகப் படுக்கைக்குப் போனார்.