தனு: ஆறாம் வேற்றுமையில் மிஞ்சிய தாய்

அயர்லாந்துப் பழங்கதைகளில் தேவர் கூட்டத்தின் பெயர் 'தூஅஹா தே தனன்'. தூஅஹா என்றால் குடிகள், தே என்பது தெய்வம், தனன் என்பது 'தனுவின்'. சேர்த்தால், தனு தேவியின் குடிகள்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. நம் இலக்கணப்படி சொன்னால் 'தனன்' ஆறாம் வேற்றுமை. 'தனு' என்ற எழுவாய் பழைய ஏடுகளில் இல்லை. 'தனன்' என்பதிலிருந்து பின்னோக்கிப் போய் மொழியியலாளர்கள் அமைத்துக்கொண்ட வடிவம் அது. அவளுக்கென்று தனிக்கதையும் கிடையாது. இணையத்தில் உலவும் நீளமான தனு புராணங்கள் இக்காலத்துச் சரக்கு.

சரி, தாய் என்ற பட்டம் எங்கிருந்து வந்தது? அவளோடு பலரும் ஒன்றாக வைத்துப் பேசும் 'அனு' என்ற இன்னொரு அயர்லாந்துத் தேவியிடமிருந்து. அயர்லாந்தின் கேஷலில் அரசரும் ஆயருமாக இருந்து 908இல் இறந்த கோர்மக் பெயரில் ஒரு பழைய சொல்லகராதி உண்டு. அது அனுவைத் தெய்வங்களின் தாய் என்கிறது, தெய்வங்களுக்கு நன்றாக ஊட்டியவள் என்கிறது, செழிப்பைக் குறிக்கும் 'அனா' என்ற சொல்லே அவள் பெயரில் பிறந்தது என்கிறது. கெர்ரி வட்டாரத்தில் ஏறக்குறைய 700 மீட்டர் உயரத்தில் இரட்டைக் குன்றுகள். பெயர் 'அனுவின் முலைகள்'. உச்சிகளில் காம்பு போலக் கற்குவியல்கள். நிலமே தாயுடல் என்பதற்கு இதைவிட வெளிப்படையான குறியீடு வேண்டியதில்லை.

தனுவின் வேரை 'ஓடும் நீர்' என்று பொருள்படும் பழஞ்சொல்லில் காண்பவர்கள் உண்டு. டான்யூப், டான் ஆறுகளின் பெயர்கள் அந்த வேரில் வந்தவை. ரிக் வேதத்தில் விருத்திரனின் தாய் தானு. புராணத்தில் தனு, தானவர்களின் தாய். அயர்லாந்தில் தேவர்களைப் பெற்றவள், இங்கே அசுரர்களைப் பெற்றவள்! கலை, கொடை என்று பொருள்படும் ஐரிஷ் 'தான்' இன்னொரு வேராகச் சொல்லப்படுகிறது. அது 'தானம்' என்ற வடசொல்லுக்கு உறவு. ஆனால் 'தனன்' குறில், இந்த வேர்கள் நெடில். அந்த இடறலைத் தாண்டித்தான் எதையும் ஏற்க வேண்டும்.

தமிழில் எப்படி எழுதலாம்? ஐரிஷில் அந்த முதலொலி பல்லைத் தொட்டு எழுவது; எனவே 'டனு' வேண்டாம், 'தனு' சரி. வில்லோடும் ராசியோடும் குழம்பாமல் இருக்க, முதல்முறை 'தனு தேவி' என்று எழுதிவிடலாம். பொதுச்சொல்லாகத் 'தாய்த்தெய்வம்' போதும்; 'அன்னைக் கடவுள்' ஒட்டாமல் நிற்கிறது. தூஅஹாவைப் 'பழங்குடி' என்பதும் பிழை. தனக்கென அரசன் உள்ள சிறு மக்கள்கூட்டம் அது, 'குடி' போதும்.