தண்ணீர் போய்விடும், உப்பு தங்கிவிடும்

நகரத்துச் சாக்கடையைச் சுத்திகரித்து வரும் தண்ணீரை வயலுக்கு விட்டால் உரச் செலவு மிச்சம் என்கிறார்கள். அதில் உரம் இருப்பது உண்மைதான். லிட்டருக்கு 30 மில்லிகிராம் தழைச்சத்து (நைட்ரஜன்) என்று வைத்துக்கொண்டால், ஏக்கருக்கு ஒரு போகத்தில் 20 லட்சம் லிட்டர் பாயும்போது 60 கிலோ சேரும். 45 கிலோ யூரியா மூட்டை கிட்டத்தட்ட மூன்றில் இருக்கும் தழைச்சத்து இது. இதைக் கழிக்காமல் வழக்கம்போல் யூரியாவும் போட்டால் நெல் கரும்பச்சையாகத் தழைத்து, கதிர் முற்றும் நேரத்தில் சாய்ந்துவிடும்.

தழைச்சத்தைப் பயிர் எடுத்துக்கொள்ளும், ஒரு பகுதி காற்றில் போகும். உப்பு அப்படியில்லை. சோப்புத்தூள், சமையல் உப்பு, வீட்டில் கடினத் தண்ணீரை மென்மையாக்கும் கருவிக்குக் கொட்டும் கல்லுப்பு எல்லாம் சாக்கடையில்தான் சேர்கின்றன. வழக்கமான சுத்திகரிப்பில் நாற்றமும் அழுக்கும் குறையும். கரைந்த உப்பு குறையாது. திருப்பூருக்குக் கீழே நொய்யலில் 1992-ல் கட்டி முடித்த ஒரத்துப்பாளையம் அணை பாசனத்துக்கானது. சாயப்பட்டறைக் கழிவின் உப்பு அதில் தேங்கி, சுற்றியிருந்த கிணறுகளும் கெட்டன.

உங்கள் தோப்பில் கணக்குப் போட்டுப் பாருங்கள். தண்ணீரின் டி.டி.எஸ்., அதாவது ஒரு லிட்டரில் கரைந்திருக்கும் உப்பு, 1,500 மில்லிகிராம் என்று வைத்துக்கொள்வோம். தென்னைக்கு நாளுக்கு 60 லிட்டர் விட்டால் 90 கிராம் உப்பு. 300 நாளில் ஒரு மரத்தடியில் 27 கிலோ! ஏக்கருக்கு 70 மரம் என்றால் ஏறக்குறைய 1,900 கிலோ. நல்ல மழை அடித்துக்கொண்டு போகாவிட்டால், சில ஆண்டுகளில் ஓலை நுனி கருகத் தொடங்கும்.

உப்புப் பூத்து மண் வெளுத்ததும் ஜிப்சம் வாங்க ஓடுகிறார்கள். முதலில் மண் பரிசோதனைச் சீட்டைப் பாருங்கள். பி.எச். (மண்ணின் கார அளவு) 8.5-க்கு மேல் போய், ஈரத்தில் கொழகொழவென்றும் காய்ந்தால் கல்லாகவும் இருந்தால் அது களர். சோடியத்தைப் பெயர்க்க ஜிப்சம் வேண்டும். பி.எச். சரியாக இருந்து உப்பு மட்டும் கூடியிருந்தால் அது உவர். அங்கே ஜிப்சம் வீண் செலவு, நல்ல தண்ணீரால் கழுவுவதுதான் வழி. இரண்டுக்குமே வடிகால் முக்கியம். வரப்புக் கட்டி, தண்ணீரை ஓரிரு நாள் நிறுத்தி, வடித்து, மறுபடி நிறுத்த வேண்டும். வடிகால் வெட்டாமல் கழுவினால், கீழே போன உப்பு வெயிலில் மறுபடி மேலே ஏறிவிடும்.

சொட்டுநீர் போட்டவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். சொட்டியைச் சுற்றி ஈரம் முடியும் இடத்தில் வெள்ளை வளையம் தெரியும். உப்பு அங்கே ஒதுங்கியிருக்கிறது. கோடைத் தூறல் விழுந்ததும் பலர் மோட்டாரை நிறுத்திவிடுகிறார்கள். அந்தச் சிறுமழை வளையத்து உப்பை வேருக்கே தள்ளிவிடும். மண் ஆழமாக நனைகிற மழை பெய்யும்வரை சொட்டுநீரை ஓடவிடுங்கள்.