பாறை கரையும், ஸ்போர் நிற்கும்

கண்ணாடியையே அரித்துவிடும் ஹைட்ரோஃபுளூரிக் அமிலத்தில் ஒரு பாறைத் துண்டைப் பல நாள் ஊறப்போட்டால் பாறை கரைந்துபோகிறது, ஆனால் அதற்குள் பல கோடி ஆண்டுகளாகப் புதைந்து கிடந்த தாவர ஸ்போர், அதாவது பாசி, பெரணி போன்றவை இனம் பெருக்க உதிர்க்கும் நுண்ணிய வித்து, கரைவதில்லை. காரணம் அதன் சுவர். ஸ்போரோபொலெனின் என்ற அந்தப் பொருளை இந்த அமிலம் ஒன்றும் செய்வதில்லை. இப்படிப் பாறையிலிருந்து பிரித்த ஸ்போரை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்க்கத் தயார்செய்வது எப்படி என்பதுதான் இங்கே பேச்சு.

ஆனால் வரிசை முக்கியம். முதலில் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை ஊற்றிச் சுண்ணாம்பை முழுக்க எடுத்துவிட வேண்டும். அவசரப்பட்டு இதைத் தாண்டினால், மிச்சமிருக்கும் கால்சியம் அடுத்த அமிலத்தோடு சேர்ந்து கால்சியம் ஃபுளூரைடாகப் படிந்துவிடும், அப்புறம் அதை விரட்டுவது பெரும்பாடு. ஹைட்ரோஃபுளூரிக் அமிலம் தோலுக்குள் ஊடுருவி எலும்புவரை போகக்கூடியது என்பதால், புகைபோக்கிக் கூண்டுக்குள், பிளாஸ்டிக் பாத்திரத்தில்தான் வேலை. பிறகு அமிலம் போகும்வரை கழுவி, நுண்சல்லடையில் சலித்து, துத்தநாகக் குளோரைடு போன்ற அடர்கரைசலில் விட்டால் கனிமத் துகள்கள் அடியில் தங்கும், ஸ்போர்கள் மிதக்கும்.

கறுத்துப்போன ஸ்போர்களை நைட்ரிக் அமிலத்தால் வெளுக்கவைப்பது சாதாரண நுண்ணோக்கிக்கு உதவும், ஒளி ஊடுருவ வேண்டுமே. எலக்ட்ரான் நுண்ணோக்கிக்கு நிறம் ஒரு பொருட்டே இல்லை. நாம் பார்க்க விரும்பும் சுவர் அடுக்குகளையே அந்த அமிலம் தின்றுவிடலாம், அதனால் இங்கே கைவைக்காமல் இருப்பதே நல்லது என்பேன்.

சரி, ஸ்போர் கையில் வந்தாயிற்று. மேற்பரப்பைப் பார்க்க அதை உலர்த்தி, சிறு அலுமினியத் தாங்கியில் ஒட்டி, சில நானோமீட்டர் தடிமனுக்குத் தங்கம் பூசுவார்கள். பூசாவிட்டால் எலக்ட்ரான்கள் வெளியேற வழியின்றி ஸ்போரிலேயே தேங்கி, படம் வெளுத்துக் கோணிவிடும்.

உள் அடுக்குகளைப் பார்ப்பதுதான் பொறுமையைச் சோதிக்கிற வேலை. ஸ்போரை அகார் என்ற கூழ்மத்தில் பொதிந்து, எத்தனாலில் நீர் நீக்கி, பிசினில் இறுகவைத்து, வைரக் கத்தியால் ஏறத்தாழ 70 நானோமீட்டர் தடிமனில் சீவ வேண்டும். 30 மைக்ரோமீட்டர் அகலமுள்ள ஒரே ஸ்போரில் 400க்கு மேற்பட்ட சீவல்கள்! அவற்றுக்கு யுரேனிய, ஈய உப்புகளால் சாயமேற்றினால்தான் அடுக்குகள் பிரிந்து தெரியும். சீவிய ஸ்போர் திரும்பி வராது, ஆகவே மேற்பரப்புப் படங்களை எல்லாம் முன்னாலேயே எடுத்துவிட வேண்டும்.

ஓமானில் துளையிட்டு எடுத்த, 44 கோடி ஆண்டுகளுக்கும் முந்தைய ஆர்டோவிசியன் காலப் பாறைகளிலிருந்து கிடைத்த ஸ்போர்களையும் இப்படிச் சீவித்தான் பார்த்தார்கள். அந்தச் சுவரின் அடுக்கமைப்பு, இன்று ஈரப்பாங்கான இடங்களில் தரையோடு படர்ந்து வளரும் லிவர்வர்ட் தாவரங்களின் ஸ்போர்ச் சுவரை ஒத்திருந்தது.