ஃபிட்னஸ்: வலிமை அல்ல, தகவு

ஜிம் வாசலில் எழுதியிருக்கும் ஃபிட்னஸ் வேறு, பரிணாம உயிரியலில் வரும் ஃபிட்னஸ் வேறு. இரண்டையும் ஒன்றாக எண்ணியதன் விளைவுதான் 'சர்வைவல் ஆஃப் தி ஃபிட்டஸ்ட்' என்பதற்கு 'வலியது வாழும்' என்ற தமிழாக்கம். கேட்க நன்றாக இருக்கிறது, பொருள்தான் தவறு.

சட்டை அளவாக இருந்தால் 'ஃபிட்டா இருக்கு' என்கிறோமே, டார்வின் காலத்து ஃபிட் அதுதான்: பொருந்துவது, ஏற்றது. 'சர்வைவல் ஆஃப் தி ஃபிட்டஸ்ட்' என்ற தொடரும் அவருடையதல்ல. ஆங்கிலேயத் தத்துவ அறிஞர் ஹெர்பர்ட் ஸ்பென்சர் 1864-ல் எழுதியது. இயற்கைத் தேர்வைத் தனியாகவே கண்டறிந்த வாலஸ் வற்புறுத்தியதால், டார்வின் அதை 1869-ல் வந்த தம் 'உயிரினங்களின் தோற்றம்' நூலின் ஐந்தாம் பதிப்பில் சேர்த்துக்கொண்டார்.

அப்புறம் ஃபிஷர், ஹால்டேன் போன்ற மரபியலாளர்கள் ஃபிட்னஸைக் கணக்காக்கினார்கள். ஒரு மரபு வகை, அதாவது குறிப்பிட்ட மரபணு அமைப்பு கொண்ட உயிர்கள், அடுத்த தலைமுறைக்குச் சராசரியாக எத்தனை வாரிசுகளை விட்டுச்செல்கிறது? அந்த எண்தான் ஃபிட்னஸ். கோவேறு கழுதையைப் பாருங்கள். மலைப்பாதையில் மூட்டை சுமக்கும், சளைக்காது. ஆனால் அது குட்டி ஈனுவது அரிதிலும் அரிது. எனவே இந்தக் கணக்கில் அதற்குக் கிட்டத்தட்ட பூஜ்யம்தான்.

சூழல் மாறினால் எண்ணும் மாறும். நீலகிரிப் பழங்குடியினரிடம் 1952-ல் கண்டறியப்பட்ட, இரத்தச் சிவப்பணுக்களை அரிவாள்போல் வளைக்கும் அரிவாள் செல் மரபணு இதற்கு நல்ல சான்று. தாய், தந்தை இருவரிடமிருந்தும் அது வந்தால் கடுமையான இரத்தசோகை. ஒருவரிடமிருந்து மட்டும் வந்தாலோ, மலேரியா உயிரைப் பறிக்கும் அளவுக்கு முற்றுவது குறைகிறது. மலேரியா உள்ள காட்டில் அது பெரிய ஆதாயம். நோயே இல்லாத ஊரில் அந்த ஆதாயம் எங்கே?

சரி, தமிழில் என்ன சொல்வது? 'தகுதி' என்று எழுதுகிறார்கள். தவறில்லை, ஆனால் தேர்வு, மதிப்பெண், வேலைவாய்ப்பு எல்லாம் கூடவே நினைவுக்கு வந்துவிடும். 'உடற்தகுதி' இங்கே அறவே ஆகாது. என் தெரிவு 'தகவு'. 'தகு' என்ற அதே வேரிலிருந்து வருவது. பாடநூல்களில் ஏற்கெனவே உள்ள 'தகவமைப்பு' (அடாப்டேஷன்) என்ற சொல்லோடும் ஒட்டி நிற்கும். 'சர்வைவல் ஆஃப் தி ஃபிட்டஸ்ட்' என்பதற்கான 'தக்கன பிழைத்தல்' என்பதும் இந்தக் குடும்பம்தான்.

'தக்கார் தகவிலர் என்பது அவரவர் எச்சத்தாற் காணப் படும்' என்கிறது குறள். 'எச்சம்' என்பதற்குப் பரிமேலழகர் நன்மக்கள் என்றே பொருள் கொள்கிறார். வள்ளுவர் அங்கே பேசுவது நடுவுநிலைமையை. டார்வினுக்கு முன்பே சொல்லிவிட்டார் என்று யாரும் கிளம்பிவிட வேண்டாம். தகவை எச்சத்தால் அளக்கும் சொல்லாட்சி நம்மிடம் இருக்கிறது, அவ்வளவுதான்.