மூலிக ஆக்சிஜனேற்றம்: ஒரு சொல் விளக்கம்

சேலத்தில் பதினோராம் வகுப்புக்கு வேதியியல் நடத்துகிறேன். மருந்து கலந்த தண்ணீரை 'மேம்பட்ட ஆக்சிஜனேற்றம்' சுத்தமாக்கும் என்று கரும்பலகையில் எழுதியதும், பாதி வகுப்பு மீன்தொட்டியில் குமிழி விடும் மோட்டாரை நினைத்துக்கொள்கிறது. மற்றவர்களுக்கு ஆஸ்பத்திரிக் கட்டில் ஞாபகம் வருகிறது. "தாத்தாவுக்கு ஆக்சிஜன் வெச்சிருந்தாங்களே, அது மாதிரிங்களா சார்?" என்று ஒரு பையன் கேட்டான். அவன் மேல் தப்பில்லை. சொல் அவனை அங்கேதான் கூட்டிப்போகிறது.

முதலில் தண்ணீரில் கிடக்கும் பொருளின் பெயரைப் பார்ப்போம். 'மருந்துக் கழிவு' என்றால் ஊசியும் பஞ்சும் காலி பாட்டிலும்தான் கண்முன் வரும். இங்கே பேசப்படுவது அதுவல்ல. விழுங்கிய மாத்திரையில் உடம்பு பயன்படுத்தாமல் வெளியேற்றும் பகுதி. சர்க்கரை நோய்க்குத் தரும் மெட்பார்மினை உடம்பு சிதைப்பதே இல்லை. சிறுநீரில் அப்படியே வந்துவிடும். வலிப்புக்குத் தரும் கார்பமசிபின், நுண்ணுயிரிகளைக் கொண்டு சாக்கடை நீரைச் சுத்திகரிக்கும் நிலையத்தில் நுழைந்து பெருமளவு அப்படியே வெளியேறும். இதற்குத் தமிழ் தரும் சொல் 'மருந்தெச்சம்'. எச்சம் என்றால் மிச்சம். பறவை இடுவதும் எச்சம்தான். இலக்கணத்தில், முடியாமல் நின்று இன்னொரு சொல்லைத் தேடும் வினைக்கு அந்தப் பெயர். நோயாளிக்குள் வேலை முடிந்த பிறகும் மீனிடமும் நுண்ணுயிரியிடமும் போய் வேலையைத் தொடரும் பொருளுக்கு இதைவிடப் பொருந்தும் சொல்லை நான் பார்த்ததில்லை.

சேர்வராயன் மலையில் பிறந்து சேலம் நகருக்குள் வரும் திருமணிமுத்தாறு, ஊரின் சாக்கடையைச் சுமந்துகொண்டு நாமக்கல் பக்கம் போய்க் காவிரியில் கலக்கிறது. நாம் விழுங்குவதற்கும் அதே பாதைதான். மருந்து ஆலைகள் இருக்கும் இடத்தில் நிலைமை எங்கே போகும் என்பதற்கு ஹைதராபாத் அருகே உள்ள படான்செரு சாட்சி. அங்கே சுத்திகரித்து வெளியே விட்ட நீரில் லிட்டருக்கு 31 மில்லிகிராம் வரை சிப்ரோஃப்ளாக்சசின் என்ற நுண்ணுயிர்க்கொல்லி மருந்து இருந்ததாக 2007-இல் ஸ்வீடன் ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். அந்த மருந்தைச் சாப்பிட்டவரின் ரத்தத்தில்கூட அவ்வளவு இருக்காது.

இனி ஆக்சிஜன். 1777-இல் பிரெஞ்சு வேதியியலாளர் லவாய்சியே கிரேக்கச் சொற்களைக் கூட்டி, 'புளிப்பை உண்டாக்குவது' என்ற பொருளில் வைத்த பெயர் இது. எல்லா அமிலத்திலும் அது இருக்கிறது என்று அவர் நம்பினார். ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் அது இல்லை என்பதை 1810-இல் ஆங்கிலேய வேதியியலாளர் ஹம்ப்ரி டேவி காட்டினார். காரணம் பொய்த்தது, பெயர் நிலைத்தது. ஆகவே மூலமொழியிலேயே பிழையான பெயரை உயிர்வளி என்று மாற்றிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்பதை நான் ஏற்கவில்லை. உயிர்வளியேற்றம் என்றால் ஆஸ்பத்திரிக் கட்டில் இன்னும் கிட்டே வந்துவிடும். இலங்கைத் தமிழர் ஒலியைத் தம் வழக்குக்கு இழைத்து ஒட்சியேற்றம் என்கிறார்கள். நம் பாடநூல் ஆக்சிஜனேற்றம் என்கிறது. இரண்டும் வேரூன்றிவிட்டன, இருக்கட்டும்.

ஆனால் அந்த 'ஏற்றம்' என்ன என்பதைச் சொல்லிக்கொடுக்க வேண்டும். செவ்வாய்ப்பேட்டை வெள்ளிக் கொலுசு நாள்பட்டால் கறுக்கிறதே, அந்தக் கறுப்பு வெள்ளி சல்பைடு. அதில் இருப்பது வெள்ளியும் கந்தகமும். ஆக்சிஜன் துளியும் இல்லை. ஆனாலும் வெள்ளி எலக்ட்ரானை இழந்திருப்பதால், வேதியியல் கணக்கில் வெள்ளிக்கு நடந்தது ஆக்சிஜனேற்றம். ஏற்றம் என்ற பெயருக்குள் இருப்பது ஓர் இழப்பு. கொலுசைக் காட்டிச் சொன்ன வருடம் வகுப்பில் யாரும் மீன்தொட்டியைப் பற்றிக் கேட்கவில்லை.

மருந்தெச்சத்திடமிருந்து எலக்ட்ரானைப் பிடுங்குவது யார்? குளோரினின் பிடுங்கும் வலிமை 1.36 வோல்ட், ஓசோனுக்கு 2.07, ஹைட்ராக்சில் என்ற துணுக்குக்கு 2.8. ஓர் ஆக்சிஜனும் ஒரு ஹைட்ரஜனும், ஜோடி சேராத ஒற்றை எலக்ட்ரானும் கொண்டது அது. நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு நேரம்கூடத் தாங்காது. அதற்குள் பக்கத்திலிருக்கும் மூலக்கூறிலிருந்து ஹைட்ரஜனைப் பறிக்கும், அல்லது அந்த மூலக்கூறின் கார்பன் வளையத்தில் ஒட்டி அதை உடைக்கும். சேமித்து வைக்க முடியாததால் தண்ணீருக்குள்ளேயே உண்டாக்க வேண்டும்: ஹைட்ரஜன் பெராக்சைடின் மேல் புற ஊதாக் கதிரைப் பாய்ச்சலாம், ஓசோனோடு பெராக்சைடைச் சேர்க்கலாம்.

இந்தத் துணுக்கை நம் பாடநூல் 'தனி உறுப்பு' என்கிறது. எனக்கு நிறைவில்லை; கை, கால்தான் நினைவுக்கு வருகிறது. இலங்கைப் பாடநூல்களின் சொல் 'மூலிகம்'. லத்தீனில் 'வேர்' என்ற சொல்லிலிருந்துதான் ஐரோப்பியர் இதற்குப் பெயர் எடுத்தார்கள். சேர்மத்துக்குச் சேர்மம் மாறாமல் கூடவே போகும் தொகுதியை வேர் என்று முதலில் நினைத்தார்கள். மூலிகத்தின் 'மூலம்' என்பதும் வேர்தான். மூலிகையிலும் இருப்பது அதே மூலம். வேரிலிருந்து வந்தது மருந்து, அந்த மருந்தின் எச்சத்தை உடைப்பது மூலிகம்.

'மேம்பட்ட' என்ற அடைமொழி 1987-இல் வில்லியம் கிளேஸ் என்ற ஆய்வாளரும் உடனிருந்தவர்களும் வைத்த ஆங்கிலப் பெயரின் நேர் மொழிபெயர்ப்பு. சாதாரண வெப்பத்திலும் அழுத்தத்திலும், நீரைச் சுத்தமாக்கப் போதுமான அளவு ஹைட்ராக்சில் மூலிகத்தை உண்டாக்கும் முறை என்பது அவர்கள் தந்த வரையறை. வரையறையில் மூலிகம் இருக்கிறது, பெயரில் இல்லை. மேம்பட்ட என்பதோ சோப்புத்தூள் விளம்பரத்திலும் வரும். வேலை செய்வது எதுவோ அதன் பெயரையே வைத்து 'மூலிக ஆக்சிஜனேற்றம்' என்கிறேன்.

முறை புதிது போலத் தோன்றினாலும் அதில் பழைய சரக்கு உண்டு. இரும்பு உப்பும் பெராக்சைடும் சேர்ந்தால் டார்டாரிக் அமிலத்தை வேகமாகச் சிதைக்கும் என்று ஃபென்டன் என்ற வேதியியலாளர் 1894-இல் எழுதினார். அதற்குக் காரணம் ஹைட்ராக்சில் மூலிகம் என்ற விளக்கம் 1930-களில்தான் வந்தது. அந்த இரும்பு உப்பு, சோகைக்குச் சித்த மருத்துவர் கையாளும் அன்னபேதிதான். இரும்புக் கல்லும் சித்தர்கோவிலும் ஒன்றாக இருக்கும் கஞ்சமலைப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லும்போது முகம் மலர்கிறது.

கடைசியாக, 'நீக்கம்'. கரித்தூளில் ஒட்டவைத்து எடுத்தால் அது நீக்கம். மூலிகம் செய்வது சிதைப்பு. முழுதாய்ச் சிதைந்தால் கார்பன் டைஆக்சைடும் நீரும் சில உப்புகளும் மிஞ்சும். பாதியில் நின்றால் புதிய துண்டுகள் மிஞ்சும். பைகார்பனேட் மிகுந்த கடினநீரில் அப்படி நிற்க வாய்ப்பு அதிகம். மருந்தைத் தொடும் முன்பே மூலிகத்தை பைகார்பனேட் தின்றுவிடும். மருந்து காணோம் என்று அறிக்கை வந்தாலும் அந்தத் துண்டுகளுக்கும் பெயர் எச்சம்தான்.