வேலிக்கு 2 மீட்டர் என்பது பாதி விதிதான்

இங்கிலாந்தில் வீட்டு பிளானிங் (கட்டுமான அனுமதி) விண்ணப்பங்களைத் தயாரித்துக் கொடுப்பது என் தொழில். கோடை தொடங்கினால் வேலி பற்றிய அழைப்புகள் வரும். அவற்றில் பாதி, வேலி போட்டு முடித்த பிறகு வருபவை. அதுதான் எனக்கு வருத்தம்.

மூலை வீடு ஒன்றை வாங்கிய ஒரு குடும்பம். இரண்டு சின்னப் பிள்ளைகள். பின்தோட்டத்தின் ஒரு பக்கம் முழுக்கத் தெரு. பழைய குட்டைச் சுவருக்கு மேலாக, போகிறவர் வருகிறவர் எல்லாருக்கும் பிள்ளைகள் விளையாடுவது தெரியும். சுவரை எடுத்துவிட்டு நடைபாதையை ஒட்டி ஆறடி பேனல் போட்டார்கள். ஆறு வாரத்தில் கவுன்சிலிடமிருந்து, அதாவது உள்ளாட்சி மன்றத்திலிருந்து, கடிதம். "2 மீட்டர் வரைக்கும் போடலாம் என்றுதானே அண்ணா எல்லாரும் சொன்னார்கள்?" என்று அந்தத் தாய் கேட்டார்.

சொன்னவர்கள் பொய் சொல்லவில்லை, பாதியைச் சொன்னார்கள். 2015ஆம் ஆண்டின் விதிப்படி, அனுமதி கேட்காமல் 2 மீட்டர் வரை வேலி போடலாம். ஆனால் வண்டிகள் ஓடும் சாலையை அடுத்து வரும் வேலிக்கு வரம்பு 1 மீட்டர். நடைபாதை இடையில் இருந்தாலும் அதேதான். 'முன்பக்கம் 1, பின்பக்கம் 2' என்று பலர் மனப்பாடமாகச் சொல்வார்கள். சட்டம் முன், பின் பார்ப்பதில்லை. சாலை எங்கே என்றுதான் பார்க்கிறது. மூலை வீட்டுக்காரர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான். திருப்பத்தில் வரும் ஓட்டுநருக்கும், வீட்டிலிருந்து காரைப் பின்னால் எடுப்பவருக்கும், நடைபாதையில் வரும் குழந்தை கண்ணில் பட வேண்டும். இந்தக் காரணத்தைச் சொன்னால் யாரும் என்னோடு வாதாடுவதில்லை.

சரி, வேலியை அரை மீட்டர் உள்ளே தள்ளிப் போட்டால்? தப்பிவிடலாம் என்று நம்பாதீர்கள். 'அடுத்து' என்பதற்குச் சட்டத்தில் சென்டிமீட்டர் கணக்கு கிடையாது. சாலையைத் தொடாத வேலியையும் அடுத்த வேலியாகக் கருதலாம். இடத்தைப் பார்த்துத்தான் முடிவு செய்வார்கள். சந்தேகம் இருந்தால், சட்டபூர்வமானது என்ற சான்றிதழுக்குக் கவுன்சிலில் முன்கூட்டியே விண்ணப்பியுங்கள்.

அப்புறம் அளவு. ஆறடி பேனல் 183 சென்டிமீட்டர். அடியில், பேனல் மண்ணில் படாமல் இருக்க வைக்கும் கிராவல் போர்டு 15 சென்டிமீட்டர் என்றால் 198, நூலிழையில் தப்பிவிட்டீர்கள். அதுவே 30 சென்டிமீட்டர் போர்டு என்றால் 213, வரம்பு தாண்டிவிட்டது. மேலே வைக்கும் டிரெல்லிஸும் (குறுக்குச் சட்டத் தட்டி) உயரத்தில் சேரும், அதில் எத்தனை இடைவெளி இருந்தாலும் சரி. மண்ணைக் கொட்டி மேடாக்கிவிட்டு அதன் மேலிருந்து அளப்பதும் பலிக்காது.

ஏற்கெனவே உயரமான வேலி இருந்தால் அதே உயரத்தில் பழுது பார்க்கலாம். முழுவதும் பிடுங்கிவிட்டுப் புதிதாக நட்டால் அதைப் புது வேலியாகவே பார்க்க வாய்ப்புண்டு. கை வைக்கும் முன் ஒரு அளவுகோலைப் பக்கத்தில் நிறுத்திப் படம் எடுத்து வையுங்கள். பாரம்பரியப் பட்டியலில் உள்ள வீடுகளுக்கு, அனுமதி கேட்காமல் வேலி போடும் இந்தச் சலுகையே இல்லை. புதுக் குடியிருப்புகளில் பிளானிங் நிபந்தனையோ வீட்டுப் பத்திரமோ வேறு கட்டுப்பாடு வைத்திருக்கலாம். ஸ்காட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்தில் விதிகள் தனி.

வரம்பு தாண்டிவிட்டால் உடனே குற்றமாகிவிடாது. பிறகும் அனுமதி கேட்டு விண்ணப்பிக்கலாம். ஆனால் கவுன்சில் முறையான அமலாக்க நோட்டீஸ் அனுப்பிவிட்டால் நிலைமை வேறு. மேல்முறையீடு செய்வதென்றால் அந்த நோட்டீஸ் அமலுக்கு வரும் தேதிக்கு முன்பே செய்துவிட வேண்டும். ஒன்றுமே செய்யாமல் விட்டால் அது குற்றம். 'நாலு வருஷம் தாண்டினால் போதும், கவுன்சில் நடவடிக்கை எடுக்க முடியாது' என்ற பழைய கணக்கும் மாறிவிட்டது: 2024 ஏப்ரல் 25 முதல் முடிக்கப்பட்ட வேலைகளுக்கு அது பத்து வருடம்.

அந்தக் குடும்பம் தெருப்பக்க வேலியை 1 மீட்டராக வெட்டிவிட்டு, உள்ளே வரிசையாகச் செடி நட்டது. உயிர்வேலிக்கு இந்த உயர வரம்பு இல்லை. அடர்ந்த பசுமைமாறாச் செடிகள் 2 மீட்டரைத் தாண்டி அயலவரின் வெளிச்சத்தை மறைத்தால் மட்டும், 2003ஆம் ஆண்டுச் சட்டப்படி அவர்கள் புகார் செய்யலாம். போன கோடையில் அந்த வழியாகப் போனேன். செடிகள் பிள்ளைகளின் தலைக்கு மேல் வளர்ந்திருந்தன. உள்ளே விளையாடும் சத்தம் மட்டும் கேட்டது.